நாடற்றவர்களின் வக்கீல்

ஈழத் தமிழர்கள் தந்தை செல்வா என்று அழைத்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம் இலங்கையில் பிறந்தவர் அல்லர். 1898-ம் ஆண்டு மார்ச் 31-ம் தேதி, மலாயாவில் உள்ள ஈப்போ நகரில் பிறந்தார். தந்தை வேலுப்பிள்ளை, தாயார் ஹரியட் அன்னம்மா. இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள், தொழிலின் பொருட்டுக் கடல் கடந்து சென்றவர்கள்.

பிறந்த ஊரை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, நீ எங்கே பிறந்தாய், உன் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான் என்ற கேள்விகள் இலங்கையில் பல லட்சம் தமிழர்களின் வாழ்வையே நிர்ணயித்தன. செல்வநாயகத்துக்கு அந்தக் கேள்விகளால் எந்த ஆபத்தும் இருக்கவில்லை. அவருக்கு வாக்களித்த மக்களுக்கும் இருக்கவில்லை. இருந்தும் அதற்காக அவர் தம் தலைவரைப் பிரிந்தார், கட்சியைப் பிரிந்தார், அடுத்த தேர்தலில் தம் தொகுதியையும் இழந்தார். அகதிகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் படகையும் முகாமையும்தான் நினைக்கிறோம். ஒரு மனிதன் படகேறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவனை அகதியாக்கும் வேலை தொடங்கிவிடுகிறது என்பதைத் தமிழர்களில் முதலில் கண்டுகொண்டவர்களில் செல்வநாயகமும் ஒருவர்.

ஒரே கொடியின் கீழ் மூன்று பயணங்கள்

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், வெள்ளைக்காரன் கொடி பறந்த இடமெல்லாம் தமிழன் சென்றான். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்தவர்கள் மலாயாவுக்கு ரயில்வே குமாஸ்தாக்களாகவும் ஆசிரியர்களாகவும் சென்றார்கள். செல்வநாயகத்தின் குடும்பம் அந்த வழியில் சென்றது. சென்னை ராணுவத்தின் பின்னால் சிப்பாய்களும் சமையற்காரர்களும் குதிரைக்காரர்களும் குத்தகைதாரர்களும் செகந்திராபாத் கண்டோன்மெண்டுக்கு வந்தார்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு திருமுல்கேரியில் கோட்டை எழுந்தபோது, அதைச் சுற்றிக் குடியேறியவர்களில் நம்மவர்களும் உண்டு. இன்று திருமுல்கேரியிலும் பொல்லாரத்திலும் வாழும் பல தமிழ்க் குடும்பங்களின் கதை இப்படித் தொடங்கியதுதான்.

மூன்றாவது கூட்டம்தான் பெரியது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையார் கொடுமைக்கும் தப்பி, கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் அவர்கள். முதலில் காப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் போனார்கள். ஆரம்ப காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாகவே சென்றார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். பின்னர் ராமேசுவரம் கரையில் மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் ஒரு முகாம் அமைத்து, அங்கே தொற்று நோய் இல்லையென்று பார்த்த பிறகே தொழிலாளரைக் கப்பலேற்றியது. மண்டபம் முகாம் என்ற அந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். இந்தக் கதையில் அது திரும்பவும் வரும்.

இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கு இவர்கள் கிள்ளிய கொழுந்திலிருந்து வந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் மூன்று தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. 1946-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி அவர்கள் ஏழே முக்கால் லட்சத்துக்கு மேல் இருந்தனர். யாழ்ப்பாணத் தமிழர்களுக்கும் இவர்களுக்கும் மொழி ஒன்று. ஆனால் போக்குவரத்து அதிகமில்லை. சாதியும் வர்க்கமும் நடுவே நின்றன. யாழ்ப்பாணத்துப் படித்த குடும்பங்கள் பலவற்றுக்குத் தோட்டத்துத் தமிழர் என்பவர் வேறு உலகத்து மனிதர். இதைச் சொல்லாவிட்டால் செல்வநாயகம் செய்ததன் அளவு விளங்காது.

ஆசிரியர், பிறகு வக்கீல்

நான்கு வயதில் செல்வநாயகம் தாயாருடன் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குத் திரும்பினார். தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிலும், யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும், கொழும்பு புனித தோமையார் கல்லூரியிலும் படித்தார். பின்னாளில் பிரதமரான எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா தோமையார் கல்லூரியில் அவர் காலத்து மாணவர். செல்வநாயகம் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகத் தேர்வெழுதிப் பெற்றார். சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து அட்வகேட் ஆனார். சிவில் வழக்குகளில் பெயர் பெற்று, அரசரின் வழக்கறிஞர் என்ற உயர் பட்டத்தையும் அடைந்தார்.

மெலிந்த உடல். தாழ்ந்த குரல். காது சற்று மந்தம். பின்னாளில் கை நடுக்க நோயும் சேர்ந்துகொண்டது. மேடையில் அனல் கக்கிப் பேசும் ஆற்றல் அவருக்கு இருந்ததில்லை. அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் மூச்சடக்கி உட்கார வேண்டியிருந்தது. கிறிஸ்தவர், ஆனால் பெரும்பாலும் சைவர்களான மக்கள் அவரைத் தந்தை என்று அழைத்தார்கள். தமிழ் அரசியலில் குரல் வளத்தால் தலைவரானவர்கள் பலர். குரலே இல்லாமல் தலைவரானவர் இவர்.

1944-ல் ஜி.ஜி. பொன்னம்பலம் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கியபோது செல்வநாயகம் அவருக்கு அடுத்த இடத்தில் நின்றார். 1947 தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. வசதியான வக்கீல் தொழில், மதிப்பான பதவி, செல்வாக்கான தலைவரின் நம்பிக்கை எல்லாம் அவருக்கு இருந்தன.

பாட்டன் பிறந்த சீட்டு

அதே 1947 தேர்தலில் மலையகத் தமிழர்கள் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் அவர்களுடைய வாக்கு இடதுசாரிகளுக்கு விழுந்தது. சுதந்திரம் பெற்ற இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவின் அரசாங்கத்துக்கு இது பிடிக்கவில்லை. 1948 ஆகஸ்டில் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் பார்லிமெண்டுக்கு வந்தது. நவம்பர் 15 முதல் அமலானது.

சட்டத்தின் வாசகம் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது; தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால் லயத்தில் பிறந்த குழந்தைக்கு எந்தப் பதிவேடு? பிரசவத்துக்கு ஊருக்குப் போய்வந்த தாய்க்கு எந்தச் சான்று? அந்தக் காலத்தில் சிங்களக் கிராமங்களிலும் பாட்டனாரின் பிறப்புச் சான்று வைத்திருந்தவர் அரிது. ஆனால் அவர்களிடம் யாரும் அதைக் கேட்கப் போவதில்லை. சான்று கேட்பது யாரிடம், கேட்காமல் விடுவது யாரிடம் என்பதில்தான் சட்டத்தின் உள்நோக்கம் இருந்தது.

ஈப்போவில் பிறந்த செல்வநாயகம் தகப்பன் வழியில், பாட்டன் வழியில் இலங்கைப் பிரஜை. நுவரெலியாவில் பிறந்து, நுவரெலியாவைத் தவிர வேறெதையும் காணாத தோட்டத் தொழிலாளி அந்நியன். இந்த முரண்பாடு ஒரு வக்கீலின் கண்ணுக்குத் தப்பவில்லை.

1949-ல் இன்னொரு சட்டம், இந்திய பாகிஸ்தானிய வம்சாவளியினருக்கு மனுச் செய்து பிரஜாவுரிமை பெற வழிவிட்டது. மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் தொடர்ச்சியாக இலங்கையில் வசித்ததாக நிரூபிக்க வேண்டும். நடுவே ஓராண்டுக்கு மேல் ஊரில் தங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். எட்டு லட்சம் பேருக்கு மேல் மனுச் செய்தார்கள். பல ஆண்டுகள் இழுத்தடித்த விசாரணைக்குப் பிறகு பிரஜாவுரிமை கிடைத்தது ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று அதிகமானவர்களுக்கே. அதே ஆண்டில் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்து, பிரஜை அல்லாதவரின் வாக்குரிமையைப் பறித்தது. 1947-ல் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்த மக்கள் 1952-ல் ஒருவரைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. இந்தச் சட்டங்கள் செல்லுமா என்று கேட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953-ல் தோற்றது.

இந்தியா இவர்களை ஏற்றதா என்றால் அதுவும் இல்லை. தலைமுறை தலைமுறையாக இலங்கையில் வாழ்ந்தவர்கள் இலங்கையின் பொறுப்பே என்பது நேருவின் நிலை. அது கொள்கையளவில் சரியானது. ஆனால் இரண்டு நாடுகளும் கையை விரித்த நிலையில், இடையில் நின்றவர்களுக்கு நாடற்றவர் என்ற பெயர் நிலைத்தது.

இந்த விஷயம் திருமுல்கேரி வாசகர்களுக்கு நன்றாக விளங்கும். ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்ததும் அதே 1948-ம் ஆண்டு செப்டம்பரில்தான். முல்கி, முல்கி அல்லாதவர் என்ற தகராறு இங்கே 1952-லும் 1969-லும் தெருவுக்கு வந்தது. வெளியூர்க்காரர் என்ற சொல்லின் சுடு நம்மவர் அறிந்ததே. ஆனால் அந்தத் தகராறு உத்தியோகத்தைப் பற்றியது. இங்கு வந்து குடியேறிய தமிழனின் குடியுரிமையை எவரும் தொட்டதில்லை. வாக்குச் சீட்டை எவரும் பறித்ததில்லை. ஒரே காலத்தில், ஒரே கொடியின் கீழ் பிழைப்புத் தேடிப் புறப்பட்ட இரண்டு கூட்டங்களில் ஒன்று பிரஜையாயிற்று, மற்றது நாடற்றதாயிற்று. உழைப்பில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை.

தலைவரைப் பிரிந்த நாள்

பொன்னம்பலம் முதல் சட்டத்தை எதிர்த்தவர். ஆனால் விரைவிலேயே சேனநாயக்காவின் மந்திரி சபையில் சேர்ந்தார். உள்ளே இருந்தால் தமிழருக்கு ஏதாவது செய்ய முடியும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் பொருள் இல்லாமல் இல்லை. அவர் மந்திரியாக இருந்த காலத்தில் காங்கேசன்துறையில் சிமெண்ட் ஆலை போன்ற தொழில்கள் வடக்கே வந்தன. செல்வநாயகமும் கு. வன்னியசிங்கமும் வேறுவிதமாக நினைத்தார்கள். இன்று மலையகத் தமிழனின் வாக்கைப் பறித்தவர்கள், நாளை மற்றத் தமிழனின் மொழிக்கு வருவார்கள் என்பது செல்வநாயகத்தின் எச்சரிக்கை. தமிழரின் எண்ணிக்கைப் பலம் பார்லிமெண்டில் குறைந்துவிட்ட பிறகு அதைத் தடுக்க யாரால் முடியும் என்று அவர் கேட்டார்.

1949-ம் ஆண்டு டிசம்பர் 18-ம் தேதி கொழும்பில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தொடங்கியது. சமஷ்டி ஆட்சியோடு மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையும் அதன் அடிப்படைக் கோரிக்கை.

வாக்காளர்கள் உடனே கைதட்டிவிடவில்லை. 1952 தேர்தலில் காங்கேசன்துறையில் செல்வநாயகம் ஆளுங்கட்சி வேட்பாளரிடம் தோற்றார். யாழ்ப்பாணத்து விவசாயிக்கு ஹட்டன் தோட்டத் தொழிலாளியின் வாக்குரிமை அப்போது தன் பிரச்சினையாகப் படவில்லை. நான்கு ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1956-ல் பண்டாரநாயக்கா சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார். செல்வநாயகத்தின் எச்சரிக்கை எட்டு ஆண்டுகளுக்குள் பலித்துவிட்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் வடக்கும் கிழக்கும் தமிழரசுக் கட்சியின் பின்னால் திரண்டன. சட்டம் வந்த ஜூன் 5-ம் தேதி கொழும்பு காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம் செய்த தமிழரசுக் கட்சியினர் அடித்து விரட்டப்பட்டனர்.

ஒப்பந்தமும் கப்பலும்

1957 ஜூலை 26-ல் பழைய கல்லூரித் தோழர்கள் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். பிரதேச சபைகள், தமிழுக்கு நிர்வாகத்தில் இடம், குடியேற்றத் திட்டங்களில் கட்டுப்பாடு ஆகியவை அதில் இருந்தன. மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பற்றிப் பிரதமர் விரைவில் பரிசீலிப்பார் என்ற ஒரு வரியும் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பி, பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் அமர்ந்தவுடன், 1958 ஏப்ரலில் பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தைக் கைவிட்டார்.

அடுத்த மாதமே கலவரம். பொலன்னறுவையிலும் கொழும்பிலும் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். வீடுகளும் கடைகளும் எரிந்தன. கொழும்பில் பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின. ராயல் கல்லூரியில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் புகுந்தனர். அரசாங்கத்தால் அவர்களைத் தங்கள் வீடுகளில் காப்பாற்ற முடியவில்லை. ஆகவே கப்பல்களில் ஏற்றி வடக்கே அனுப்பியது. உத்தியோகஸ்தரும் வியாபாரியும் தாம் வீடு கட்டி வாழ்ந்த தலைநகரிலிருந்து, சொந்த நாட்டுக்குள்ளேயே அகதிகளாகக் கப்பலேறினார்கள். செல்வநாயகமும் அவரது சகாக்களும் அப்போது காவலில் வைக்கப்பட்டிருந்தனர்.

அந்தக் கப்பல் ஒரு நல்ல காரியமா, கெட்ட காரியமா? உயிரைக் காத்தது என்ற வகையில் நல்ல காரியம். ஆனால் ஒரு குடிமகனுக்குப் பாதுகாப்பான இடம் நாட்டின் ஒரு மூலைதான் என்று அரசாங்கமே காட்டியதாகவும் ஆயிற்று. அகதி நிவாரணம் முழுவதிலும் இந்தச் சிக்கல் உண்டு. இன்றைய பசியை ஆற்றும் கை, நாளைய உரிமையைத் தெரிந்தோ தெரியாமலோ மூடிவிடக் கூடும். சோறும் பாயும் கொடுப்பதோடு, திரும்பிப் போகும் வழியையும் திறந்து வைத்தால்தான் நிவாரணம் முழுமையாகும்.

ஒப்பாரிக் கோச்சி

1964 அக்டோபர் 30-ம் தேதி புதுதில்லியில் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். நாடற்றவர் ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் பேர் என்று கணக்கிட்டு, ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவும் மூன்று லட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. மனுக்கள் வந்தபோது இலங்கையிலேயே இருக்க விரும்பியவர்கள்தான் அதிகம் என்பது தெரிந்தது.

இங்கே செல்வநாயகத்தின் வாழ்விலும் ஒரு நெருடல் உண்டு. 1965-ல் அவர் டட்லி சேனநாயக்காவுடன் உடன்பாடு செய்து, தமிழரசுக் கட்சி அந்த அரசாங்கத்தில் பங்கு கொண்டது. பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்ததும் அதே ஐக்கிய தேசியக் கட்சிதான். சாஸ்திரி ஒப்பந்தத்தை அமலாக்கும் சட்டம் 1967-ல் அந்த ஆட்சியில்தான் நிறைவேறியது. கிடைப்பதைப் பெற்றுக்கொள்வோம் என்ற நிலைக்கு அவர் வந்திருந்தார். அந்த உடன்பாடும் நிறைவேறாமல், 1968-ல் கட்சி அரசாங்கத்தை விட்டு விலகியது. எந்தத் தலைவர் வாழ்விலும் இப்படி ஒரு கட்டம் வரும். அதை மறைத்து எழுதுவது அவருக்கு மரியாதை ஆகாது.

மலையக ரயில் நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு அந்த மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பல். ராமேசுவரத்தில் இறங்கியதும் மண்டபம் முகாம். பாட்டன் நோய்ச் சோதனைக்கு நின்ற அதே முகாமில் பேரன் மறுவாழ்வுச் சீட்டுக்கு நின்றான்.

இந்திய அரசாங்கம் கைகட்டி நிற்கவில்லை. நீலகிரியில் 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள், பின்னர் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்து, தாயகம் திரும்பியோர் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தன. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காக 1969-ல் சென்னையில் ரெப்கோ வங்கி தோன்றியது. கேரளத்தில் புனலூரிலும், கர்நாடகத்தில் சுள்ளியா பகுதியிலும் ரப்பர் தோட்டங்கள் ஏற்பட்டன. ஆந்திரப் பிரதேசத்திலும் பல குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. இவை உண்மையான உதவிகள். ஆனால் எல்லோருக்கும் எட்டவில்லை. கொழுந்து கிள்ளத் தெரிந்தவனுக்குச் சமவெளியில் கடை வைக்கக் கடன் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? தரகர்கள் கடன் தொகையைப் பிடுங்கிக்கொண்டார்கள். கொடைக்கானல் மலைக்காடுகளில் மரம் வெட்டப் போய்க் கொத்தடிமைகளானவர்களும் உண்டு. இலங்கையில் இந்தியாக்காரன் எனப்பட்டவன், தமிழ்நாட்டில் சிலோன்காரன் ஆனான்.

கடைசி ஆண்டுகள்

1972 பிப்ரவரியில் செல்வநாயகம் சென்னைக்கு வந்து பெரியாரையும் முதல்வர் கருணாநிதியையும் சந்தித்து ஈழத் தமிழர் நிலையை விளக்கினார். அந்த ஆண்டு மே மாதம் இலங்கையின் புதிய அரசியல் சட்டம் தமிழரின் கோரிக்கை எதையும் ஏற்காமல் நிறைவேறியது. அதே மாதம் திருகோணமலையில் தமிழர் கூட்டணி உருவானது. இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் பிரிந்த பொன்னம்பலமும், மலையகத் தலைவர் தொண்டமானும் செல்வநாயகத்தோடு ஒரே மேடையில் இணைந்தனர். 1949-ல் அவர் கேட்ட ஒற்றுமை, எல்லாரும் தோற்ற பிறகு வந்து சேர்ந்தது.

அக்டோபரில் அவர் பதவியை ராஜிநாமா செய்து, தம் தொகுதியில் மக்கள் தீர்ப்புக் கேட்டார். இடைத்தேர்தலை அரசாங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தள்ளிப்போட்டது. 1975 பிப்ரவரியில் நடந்தபோது பதினாறாயிரம் வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். 1976 மே 14-ல் வட்டுக்கோட்டையில் கூடிய மாநாடு தனி அரசு கோரும் தீர்மானத்தை அவர் தலைமையில் நிறைவேற்றியது. மலையகத் தமிழர்கள் சிங்களப் பெரும்பான்மை மாகாணங்களின் நடுவே வாழ்பவர்கள். தனி அரசு என்ற தீர்வு அவர்களுக்குப் பொருந்தாது. தொண்டமான் அதில் சேரவில்லை. எந்த மக்களுக்காகச் செல்வநாயகம் புதுக்கட்சி கண்டாரோ அவர்களுடைய பிரச்சினைக்கு அவரது கடைசித் தீர்மானத்தில் விடை இல்லாமற் போயிற்று.

1977-ம் ஆண்டு ஏப்ரல் 26-ம் தேதி அவர் காலமானார். வயது எழுபத்தொன்பது.

மறைவுக்குப் பின்

நான்கு மாதம் கழியவில்லை, மீண்டும் கலவரம். மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் வவுனியாவை நாடின. காந்தீயம் என்ற அமைப்பு அவர்களுக்கு நிலம் காட்டி, பண்ணைகளில் குடியமர்த்தியது. 1983 ஜூலைக்குப் பிறகு அந்தப் பண்ணைகளும் கலைந்தன. ராமானுஜம் கப்பல் 1984-ல் நின்றது. இயற்கைப் பெருக்கத்தையும் சேர்த்து நான்கரை லட்சம் பேர் வரை அதற்குள் இந்தியாவுக்கு வந்துவிட்டிருந்தார்கள். கப்பல் நின்ற இடத்தில் படகுகள் வந்தன. 1983 முதல் 2009 வரை மூன்று லட்சம் பேருக்கு மேல் தமிழ்நாட்டுக் கரையில் இறங்கினார்கள். மண்டபம் முகாம் மூன்றாம் முறையாக நிரம்பியது.

1990 ஜூனில் போர் காங்கேசன்துறையையும் தெல்லிப்பழையையும் சூழ்ந்தது. வலிகாமம் வடக்கு மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். அவர்களின் நிலம் உயர் பாதுகாப்பு வலயமாகியது. போர் முடிந்த பிறகுதான் அது கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கப்பட்டது. 1952-ல், நாடற்ற தோட்டத் தொழிலாளிக்காகப் பேசிய செல்வநாயகத்தைத் தோற்கடித்த அதே தொகுதி மக்கள், நாற்பது ஆண்டுகளுக்குள் தாங்களே வீடற்றவர்களானார்கள்.

செல்வநாயகத்தின் மகன் எஸ்.சி. சந்திரகாசன் 1984-ல் சென்னையில் ஈழ அகதிகள் புனர்வாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். தகப்பனாரைப் போலவே அவரும் வக்கீல். அகதிகளைக் கையேந்தும் கூட்டமாக வைக்காமல், முகாம் இளைஞர்களையே ஆசிரியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தது அந்தக் கழகம். அதன் பணிகளில் ஒன்று, முகாமில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் பெற்றுத் தருவது. பார்வைக்குச் சின்ன வேலை. ஆனால் 1948-ல் ஒரு சமுதாயத்தையே சாய்த்தது இந்தச் சான்று இல்லாமைதான் என்பதை அறிந்தவர்களுக்கு அதன் மதிப்புத் தெரியும்.

1986-லும் 1988-லும் இலங்கை சில சட்டங்களால் நாடற்றவர்களில் பலரை ஏற்றது. 2003-ல் நிறைவேறிய சட்டம் மீதமிருந்த ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோருக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. பார்லிமெண்டில் எதிர்ப்பு இல்லை. ஐ.நா. அகதிகள் ஸ்தாபனம் தோட்டந்தோறும் பதிவுக்கு உதவியது. செல்வநாயகம் கட்சியை விட்டு வெளியேறி ஐம்பத்து நான்கு ஆண்டுகளும், மறைந்து இருபத்தாறு ஆண்டுகளும் ஆகியிருந்தன.

தமிழ்நாட்டு முகாம்களில் இன்றும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். 2021-ல் அவை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் பெற்றன. புதிய வீடுகளும் கட்டப்பட்டன. ஆனால் அங்கே பிறந்து, அங்கேயே படித்துப் பட்டம் பெற்ற பலர் இன்னும் எந்த நாட்டுப் பிரஜையும் அல்லர். அவர்களில் பல்லாயிரம் பேர் மலையக வம்சாவளியினர்; இந்தியாவிலிருந்து சென்றவர்களின் பேரப்பிள்ளைகள். பாட்டன் இங்கே பிறந்தான் என்பதற்காக அங்கே அந்நியர்களானவர்கள், தாங்கள் அங்கே பிறந்தோம் என்பதற்காக இங்கே அந்நியர்களாக இருக்கிறார்கள். அகதிகளைப் பற்றிய 1951-ம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையிலும், நாடற்றோர் பற்றிய 1954-ம் ஆண்டு உடன்படிக்கையிலும் இந்தியாவும் இலங்கையும் சேரவில்லை. ஆகவே இவர்களின் நிலை அரசாங்கத்தின் கருணையைப் பொறுத்ததே அன்றிச் சட்டத்தைப் பொறுத்ததாக இல்லை.

யாழ்ப்பாண நகரில் செல்வநாயகத்துக்கு உயர்ந்த நினைவுத் தூண் இருக்கிறது. அவர் எடுத்த வழக்குகளில் பெரிய வழக்கை அவர் வாழ்நாளில் வெல்லவில்லை. ஆனாலும் தம் தொகுதிக்காரர் அல்லாத, தம் சாதி சனம் அல்லாத மக்களின் வாக்குச் சீட்டு பறிபோனபோது, அதைத் தம் வீட்டுத் திருட்டாக எண்ணி எழுந்து நின்றார். திருமுல்கேரியில் நான்கு தலைமுறையாக வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் தன் ரேஷன் கார்டையும் வாக்காளர் அட்டையையும் பெட்டியில் பத்திரமாக வைக்கும்போது, அவை சாதாரணக் காகிதங்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. அவை இல்லாமற் போன நாளில் என்ன நடக்கும் என்பதற்கு நம் இனத்திலேயே எட்டு லட்சம் சாட்சிகள் இருந்தார்கள். அவர்களுக்கு வாதாட ஒரு வக்கீலும் இருந்தார்.